சவுண்டு சரியில்லையா? கிதார் ஆம்ப், பெடல் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'மாட்' (உள்ளே உதிரிகளை மாற்றுவது) பற்றித்தான். பெடலை, அதாவது காலால் மிதித்து கிதாரின் சவுண்டை மாற்றும் சின்னப் பெட்டியைத் திறந்து, ஒரு சில்லை (ஐ.சி.) பிடுங்கி இன்னொரு சில்லை வைத்தால் டோன் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. என் பட்டறையில் வரிசை வேறு. முதலில் கரண்ட், எர்த், கேபிள், ஸ்பீக்கர். இதெல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பேன். அந்த வரிசை பிடிக்காதவர்களுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன்.

"என்னிடம் ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்9 இருக்கிறது. அதை அதன் முந்தைய மாடலான 808 ஆக மாற்றித் தர ஒருவர் நாலாயிரம் ரூபாய் கேட்கிறார். ஜேஆர்சி 4558டி ஐ.சி. போட்டால்தான் அந்தப் பழைய சவுண்டு வரும் என்கிறார். கொடுக்கலாமா?" (பாளையங்கோட்டை வாசகர்)

நாலாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள். 808 வந்தது 1979-இல், டிஎஸ்9 வந்தது 1982-இல். இரண்டின் சர்க்யூட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் அவுட்புட் பக்கத்தில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள். 808-இல் 100 ஓம், 10 கிலோ ஓம். டிஎஸ்9-இல் அதே இடத்தில் 470 ஓம், 100 கிலோ ஓம். சென்னை ரிச்சி தெருவில் இந்த இரண்டு ரெசிஸ்டருக்கும் சில்லறைக் காசுதான். மாற்றினால் வித்தியாசம் தெரியுமா? பெடலுக்கு அடுத்து என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு துளி தெரியலாம். மேடையில் டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்ததும் அந்தத் துளியும் காணாமல் போய்விடும்.

ஐ.சி. விஷயம் இன்னும் வேடிக்கை. முதலில் பின் மூடியைக் கழற்றி, லென்ஸ் வைத்து ஐ.சி.யின் முதுகைப் படியுங்கள். உங்கள் டிஎஸ்9-இல் ஏற்கெனவே 4558டி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 4558 அபூர்வ சரக்கு ஒன்றும் இல்லை, சாதாரண இரட்டை ஆப்-ஆம்ப், அதாவது ஒரே சில்லில் இரண்டு பெருக்கிகள். ஆனால் அந்த எழுத்துக்கு இணையத்தில் கிராக்கி ஏறியதிலிருந்து, பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடித்த போலிகள் சந்தையில் ஏராளம். நல்ல ஐ.சி.யைக் கழற்றிப் போலியை மாட்டிக்கொண்டு, "இப்போதுதான் வார்ம்த் வந்திருக்கிறது" என்று சொன்னவரை நானே பார்த்திருக்கிறேன்.

உண்மையிலேயே காதுக்குத் தெரிகிற மாற்றம் வேண்டுமா? ஐ.சி.க்குப் பக்கத்தில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக கிரவுண்டுக்குப் போகும். டியூப் ஸ்க்ரீமரின் மூக்கடைத்த மிட் (நடு அலைவரிசை) குரல் பெரும்பாலும் இந்த ஜோடியின் வேலைதான். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக கெயின் (பெருக்கம்) குறைந்துகொண்டே வரும், அதனால் தடித்த கம்பிகள் குறைவாகத்தான் டிஸ்டார்ட் ஆகும். அந்தக் கெப்பாசிட்டரை 0.1 மைக்ரோஃபாரட் ஆக்கினால் எல்லை சுமார் 340 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆறாவது கம்பிக்கு உடம்பு வரும்.

அதற்காக எல்லோரும் மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த பேஸ் வெட்டு தவறுதலாக வந்ததில்லை. கீபோர்டுகாரரின் இடது கையும் பேஸ் கிதாரும் ஏற்கெனவே கீழ்ப்பகுதியை நிரப்பிவிடுகிற மெல்லிசைக் குழுவில், கிதார் மேலே எட்டிப் பார்க்க அதுதான் வழி விடுகிறது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது 0.1 சொர்க்கம். கச்சேரியில் அதே பெடல் கூழாகிவிடும். தனியாக வாசிப்பவர் மாற்றலாம், குழுவில் வாசிப்பவர் விட்டுவிடலாம்.

அடுத்தது கிளிப்பிங் டயோடுகள், அலையின் முனையை வெட்டி டிஸ்டார்ஷன் தருபவை. உள்ளே இருப்பவை சிலிக்கான், சுமார் 0.6 வோல்டில் வெட்டும். அவற்றுக்குப் பதில் இரண்டு சிவப்பு எல்.இ.டி. போட்டால் 1.7 வோல்ட் பக்கம் போய்த்தான் வெட்டும். பெடல் சத்தமாகும், விரலின் அழுத்தம் வெளியே தெரியும், ஆனால் டிரைவ் குறைந்த மாதிரி இருக்கும். டயோடைக் கழற்றிய இடத்தில் ஒரு சின்ன சாக்கெட் வைத்துவிட்டால் ஒரு சாயங்காலம் முழுக்க மாற்றி மாற்றிக் கேட்கலாம். 25 வாட் அயர்ன் போதும். போர்டில் அயர்னை அழுத்தி வைத்துக்கொண்டே இருக்காதீர்கள், தாமிரத் தடம் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். பட்டறைக்கு வருகிற 'மாட்' பெடல்களில் பெரும்பாலானவற்றின் வியாதி இதுதான்.

"ஆரஞ்சு கலர் கெப்பாசிட்டர் போட்டால் டோன் கூடுமா?" (ஈரோடு வாசகர்)

கலருக்குக் கூடாது. மதிப்புக்குக் கூடும், குறையும். சிக்னல் வழியில் மலிவான செராமிக் இருந்தால் அதே மதிப்பில் ஏதாவது ஒரு ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள், போதும்.

"எங்கள் சர்ச்சில் கிதார் வாசிக்கும்போது ஆம்பில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். பாட மைக் பக்கம் போனால் உதட்டில் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. அடாப்டரில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் இரைச்சல் நிற்கிறது. பெடலில் ஏதாவது மாட் செய்து இதைச் சரிசெய்ய முடியுமா?" (தூத்துக்குடி வாசகர்)

தம்பி, இதைப் படிக்கும்போதே எனக்கு வயிறு கலங்குகிறது. எர்த் பின்னை இன்றைக்கே திரும்ப மாட்டுங்கள். சரியாகும்வரை கிதாரும் கையுமாக மைக்கைத் தொடாதீர்கள்.

நடப்பது இதுதான். உங்கள் கிதாரின் கம்பிகள் பாலம் (பிரிட்ஜ்) வழியாக, கேபிள் வழியாக ஆம்பின் உலோகப் பெட்டியோடு சேர்ந்தவை. மைக்கின் வலை மிக்ஸரின் எர்த்தோடு சேர்ந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால், அதை இணைக்கிற ஒயர் உங்கள் உதடு. எர்த் இல்லாத எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்சிங் வகை) பவர் சப்ளையில் நூறு வோல்ட் பக்கம் மிதந்துகொண்டிருக்கும். அதில் கரண்ட் மிகக் குறைவு, சுருக்கோடு போகும். ஆனால் ஆம்பிலேயோ மிக்ஸரிலேயோ இன்சுலேஷன் போயிருந்தால் வருவது முழு 230 வோல்ட். இரண்டும் உதட்டுக்கு முதலில் ஒரே மாதிரிதான் தெரியும். 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்ஸி நகர மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்துபோனார்.

சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. திறந்து பார்த்தால் பச்சை ஒயரே வந்திருக்காது, நம் ஊர்க் கட்டடங்களில் இது சகஜம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேடைச் சாக்கெட்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடச் சொல்லுங்கள். அப்புறம் ஆம்ப், மிக்ஸர், கீபோர்டு எல்லாமே ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கட்டும். வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்டில் வைத்து ஒரு முனையை மைக் வலையிலும் மறுமுனையை கிதார் கம்பியிலும் வையுங்கள். ஓரிரு வோல்டுக்கு மேல் காட்டினால் அன்றைக்கு உட்கார்ந்து தாளம் போடுங்கள்.

எர்த் சரியான பிறகும் இரைச்சல் இருந்தால், நின்ற இடத்திலேயே கிதாரோடு மெல்லச் சுற்றிப் பாருங்கள். திசைக்குத் திசை இரைச்சல் மாறினால் அது பிக்கப் பிடிக்கிற இரைச்சல், மேடை விளக்கின் டிம்மர்தான் வழக்கமான குற்றவாளி. மாறாவிட்டால் ஆம்பிலிருந்து மிக்ஸருக்குப் போகும் லைனில் கிரவுண்டு சுற்று (இரண்டு வழியாக எர்த் சேர்வது) உண்டாகியிருக்கும். அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டி.ஐ. பாக்ஸில் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) இருக்கும் கிரவுண்டு லிஃப்ட் ஸ்விட்சைப் போடலாம், அது ஆபத்தில்லாதது. கரண்ட் ப்ளக்கில் மட்டும் கை வைக்கக் கூடாது.

"ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வைத்த ஃபஸ் (கரகரப்பான டிஸ்டார்ஷன்) பெடல் ஒன்று நானே செய்தேன். வீட்டில் ராத்திரி அற்புதமாக இருந்தது. மே மாதம் திறந்தவெளிக் கச்சேரியில் சவுண்டு அடைத்துக்கொண்டு, நோட் முடியும் முன்பே செத்துவிடுகிறது. டிரான்சிஸ்டர் போய்விட்டதா?" (சென்னை, பெரம்பூர் வாசகர்)

போகவில்லை, வெயில் தாங்கவில்லை. 1966-இல் லண்டனில் வந்த ஆர்பிட்டர் கம்பெனி ஃபஸ் ஃபேஸின் வம்சம்தானே நீங்கள் செய்தது? இரண்டே டிரான்சிஸ்டர், கையளவு உதிரிகள். எளிமையான சர்க்யூட், ஆனால் பிடிவாதக்காரச் சர்க்யூட். ஜெர்மேனியத்தில் ஏதும் கொடுக்காமலேயே கொஞ்சம் கரண்ட் கசியும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஏ.சி. போட்ட அறையில் 24 டிகிரியில் பயாஸ் செய்த (டிரான்சிஸ்டரின் ஓய்வுநிலை வோல்டேஜை அமைத்த) பெடலை 40 டிகிரி மேடையில் வைத்தால் கசிவு மூன்று மடங்கு. பயாஸ் தடுமாறாமல் என்ன செய்யும்?

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஏசி128 என்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் ஒன்றை மல்டிமீட்டரில் கெயின் அளக்கும் எச்.எஃப்.இ. சாக்கெட்டில் செருகுங்கள். 110 என்று காட்டுகிறது என்று வையுங்கள். இப்போது அதன் உலோகத் தொப்பியை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எண் ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும். விரலை எடுத்து ஊதினால் இறங்கும். ஏறிய பங்கு முழுக்கக் கசிவு, அது கெயின் ஆகாது. அதனால்தான் மீட்டர் எண்ணை மட்டும் நம்பி ஜெர்மேனியம் வாங்காதீர்கள் என்று சொல்வது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பி.இ.எல்.) அந்தக் காலத்தில் நம் நாட்டு ரேடியோக்களுக்காக ஏசி128 செய்தது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து கழற்றியவை இன்னும் காயலான் கடைகளில் சிக்கும். பிடித்துப் பார்த்து, எண் அதிகம் ஓடாதவற்றைப் பொறுக்குங்கள். முதலாவதற்கு 70, 80 கெயின், இரண்டாவதற்கு 110, 120. இதுதான் பழகிய கணக்கு.

உங்கள் பெடலுக்கு வைத்தியம்: இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அதை எடுத்துவிட்டு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரும் 20 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரும் (குமிழைத் திருப்பி மாற்றும் ரெசிஸ்டர்) தொடராகப் போட்டு, அதன் குமிழைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவாருங்கள். கலெக்டரில் நாலரை வோல்ட் வருமாறு வைப்பது புத்தக வழி. மேடையில் அந்த வெயிலிலேயே வாசித்துக்கொண்டு, நோட் இழுத்து நிற்கிற இடம்வரை திருப்புவது என் வழி.

இன்னொன்று. பி.என்.பி. டிரான்சிஸ்டர் போட்டிருந்தால் இந்தப் பெடலில் பாசிட்டிவ்தான் கிரவுண்டு. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் சப்ளை ஷார்ட் ஆகிவிடும். பேட்டரியில் ஓட்டுங்கள். இழுக்கிற கரண்ட் மில்லி ஆம்பியர் கணக்குக்கே எட்டாது, ஜாக்கைக் கழற்றி வைத்தால் மாதக்கணக்கில் வரும். ஆண்டு முழுக்க வெயிலில்தான் கச்சேரி என்றால் பேசாமல் சிலிக்கான் பிசி108-க்குப் போங்கள். ஃபஸ் ஃபேஸ் செய்தவர்களே அறுபதுகளின் கடைசியில் சிலிக்கானுக்கு மாறியவர்கள்தான். கொஞ்சம் கூர்மையாகக் கிறீச்சிடும். டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலுக்கும் பேஸ் காலுக்கும் நடுவே நூறு பிகோஃபாரட் பக்கம் ஒரு கெப்பாசிட்டர் போட்டால் அடங்கும்.

"பத்து வாட் பிராக்டிஸ் ஆம்ப், ஆறரை இன்ச் ஸ்பீக்கர். டப்பா மாதிரி கேட்கிறது. உள்ளே எதை மாற்றினால் நல்லது?" (கோவை வாசகர்)

உள்ளே ஒன்றையும் தொடாதீர்கள். ஸ்பீக்கரை மாற்றுங்கள், அதுவும் வெளியே. பன்னிரண்டு இன்ச் கிதார் ஸ்பீக்கர் ஒன்றை ப்ளைவுட் பெட்டியில் போட்டு, பின்பக்கத்தைப் பாதி திறந்து விடுங்கள். ஆம்பின் ஸ்பீக்கர் ஒயரை அதற்குக் கொடுங்கள். அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

பின்னால் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறதோ அதற்குக் குறையாமல் வாங்குங்கள். டிரான்சிஸ்டர் ஆம்பில் 8 ஓம் இடத்தில் 4 ஓம் போட்டால் சூடேறிப் புகைந்துவிடும். வாட்டைப் பார்க்கிற நேரத்தில் சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள். 97 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 100 டெசிபல் ஸ்பீக்கர் வைத்தால், ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஹோம் தியேட்டர் வூஃபர், கார் ஸ்பீக்கர் எல்லாம் வேண்டாம். கிதார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தானாகவே படுத்துவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பை வடிகட்டுவதே அதுதான். ட்வீட்டர் வைத்த பெட்டியில் ஃபஸ் வாசித்தால் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி இருக்கும்.

"க்ளான் சென்டார் பெடலின் ஜெர்மேனியம் டயோடில் அப்படி என்ன மந்திரம்? என் பெடலில் அதைப் போடலாமா?" (மதுரை வாசகர்)

பில் ஃபின்னெகன் 1994-இல் கொண்டுவந்த அந்தப் பெடலை முக்கால்வாசிப் பேர் கெயினை இறக்கி, அவுட்புட்டை ஏற்றி, ஆம்பைத் தள்ளுவதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். கெயின் இறங்கியிருக்கும்போது அந்த டயோடுகளுக்கு அனேகமாக வேலையே இல்லை. உள்ளே 9 வோல்டை ஏற்றிக்கொண்டு ஓடுவதால் சிக்னலுக்குக் கிடைக்கிற தாராள இடம்தான் அப்போது நீங்கள் கேட்பது. டயோடை மட்டும் பிடுங்கி நட்டால் அது வராது.

"எல்லாப் பெடலையும் ட்ரூ பைபாஸாக மாற்றிவிட்டேன். எல்லாம் ஆஃபில் இருக்கும்போது கிதார் முன்பைவிட மங்கலாகக் கேட்கிறது. எப்படி?" (திருச்சி, கல்லூரி மாணவர்)

எதிர்பார்த்த விளைவுதான். ட்ரூ பைபாஸ் என்றால், பெடல் ஆஃபில் இருக்கும்போது சிக்னல் உள்ளே இருக்கும் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போவது. கேபிளும் ஒரு கெப்பாசிட்டர், மீட்டருக்குச் சுமார் நூறு பிகோஃபாரட். சாதாரண சிங்கிள் காயில் பிக்கப்பின் இண்டக்டன்ஸ் இரண்டரை ஹென்றி பக்கம். ஆறு மீட்டர் கேபிளோடு அது சுமார் 3.8 கிலோஹெர்ட்ஸில் முட்டிக்கொண்டு பளிச்சென்று நிற்கும். முன்னால் ஆறு மீட்டர், பின்னால் ஆறு மீட்டர் என்று பன்னிரண்டானால் அந்த முட்டு 2.8-க்கு இறங்கிவிடும். மேலே இருந்த மினுமினுப்பு போயே போச்சு.

முன்பு உங்களிடம் இருந்த பெடல்களில் ஒன்றிலாவது பஃபர், அதாவது கேபிளின் சுமையைத் தாங்கிக்கொள்ளும் சின்னச் சர்க்யூட், இருந்திருக்கும். பாஸ் கம்பெனியின் சின்னப் பெடல்கள் ஆஃபில் இருந்தாலும் சிக்னல் பஃபர் வழியாகத்தான் போகும். அதுதான் இரண்டாவது கேபிளின் சுமையை பிக்கப்பின் தலையிலிருந்து இறக்கியது. ட்ரூ பைபாஸ் என்ற பெயரில் அந்தப் பஃபரைப் பிடுங்கி எறிந்திருக்கிறீர்கள். வரிசையின் தொடக்கத்தில் ஒரே ஒரு பஃபர் வையுங்கள். ஃபஸ் ஃபேஸ் மாதிரிப் பெடல் இருந்தால் அது மட்டும் பஃபருக்கு முன்னால் வரட்டும். கிதாரை நேரடியாகப் பார்க்காவிட்டால் அதற்குக் கோபம் வரும், வால்யூம் குமிழைக் குறைத்தால் தெளிகிற அழகும் போய்விடும்.

"டொரன்டோவில் இருக்கும் அண்ணன் 40 வாட் வால்வு ஆம்ப் அனுப்பியிருக்கிறார். 120 வோல்ட் என்று போட்டிருக்கிறது. இங்கே ஓட்ட முடியுமா? கொஞ்சம் சீக்கிரம் டிஸ்டார்ட் ஆகிறது, அதையும் குறைக்க வேண்டும்." (நாகர்கோவில் வாசகர்)

ஓடும். 230-லிருந்து 120-க்கு இறக்கும் நிஜமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். பிரயாணிகளுக்கு விற்கிற உள்ளங்கை அளவு கன்வர்ட்டர் கூடாது. ஆம்பின் முதுகில் 180 வாட் என்று இருந்தால் 400 வி.ஏ. பக்கம் எடுங்கள், எர்த் ஒயர் உள்ளிருந்து வெளியே தொடர்ச்சியாகப் போகிறதா என்று பாருங்கள். முதுகில் 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் நிம்மதி. 60 மட்டும் என்றால் நம் 50-இல் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும், நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் லைன் 250-ஐத் தொடுகிற தெருவாக இருந்தால் ஒரு ஸ்டெபிலைசரும் வேண்டும். இல்லாவிட்டால் 120 வேண்டிய இடத்தில் 130 போய், 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.8 கிடைக்கும். வால்வின் ஆயுசுக்கு அது நல்லதில்லை.

டிஸ்டார்ஷனைக் குறைக்க சால்டரிங்கே வேண்டாம். ஆம்பை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, முதல் சாக்கெட்டில் இருக்கும் ஈசிசி83 வால்வை எடுத்துவிட்டு 12ஏஒய்7 செருகுங்கள். கால்கள் ஒன்றே. ஈசிசி83-இன் பெருக்கம் 100, இதற்கு 44 பக்கம். ஐம்பதுகளின் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பில் இருந்தது இந்த 12ஏஒய்7தான். அந்த சர்க்யூட்டைப் பார்த்துச் செய்த மார்ஷல் ஜேடிஎம்45 ஆம்பில் அதே இடத்துக்கு ஈசிசி83 வந்தது. இரண்டுக்கும் நடுவில் வேண்டுமானால் 5751, அதற்கு 70.

பயாஸ், ஃபில்டர் கெப்பாசிட்டர் வேலைகளுக்கு மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நானூறு வோல்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்பை ஆன் செய்யவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

"ரேட் (RAT) டிஸ்டார்ஷன் பெடலில் எல்எம்308 ஐ.சி. போய்விட்டது, எங்கும் கிடைக்கவில்லை. கடைக்காரர் டிஎல்071 போடச் சொல்கிறார். ஐ.சி. எதுவானாலும் ஒன்றுதான் என்று நீங்களும் சொல்கிறீர்களே, போடலாமா?" (புதுச்சேரி வாசகர்)

டியூப் ஸ்க்ரீமருக்குத்தான் அப்படிச் சொல்வேன், ரேட்டுக்குச் சொல்ல மாட்டேன். எல்எம்308 மந்தமான ஐ.சி. மைக்ரோ விநாடிக்கு 0.3 வோல்டுதான் ஏறும். அவ்வளவு பெரிய கெயினில் அந்த வேகத்துக்கு மேல் ஓட முடியாமல் அலையின் முனை சரிந்துவிடும், ரேட்டின் அடர்ந்த உறுமலில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. டிஎல்071 மைக்ரோ விநாடிக்கு 13 வோல்ட் ஓடுகிற குதிரை. அதே எட்டுக் காலில் பொருந்தும், வேலையும் செய்யும், ஆனால் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம் மேலே சேரும். ஓபி07 கேளுங்கள். அதற்கும் 0.3 வோல்டுதான், இப்போது வருகிற ரேட்டிலும் அதைத்தான் போடுகிறார்கள். பழைய ஐ.சி.யின் 1, 8 கால்களுக்கு நடுவே 30 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். ஓபி07-க்கு அது தேவையில்லை, கழற்றிவிடலாம். கழற்றியதைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டுப் பெடலுக்குள்ளேயே ஒட்டி வையுங்கள், எப்போதாவது நல்ல எல்எம்308 கிடைத்தால் திரும்ப வேண்டும்.